மகள் வழி வந்த பெருமை

1890 ஜூலை 13 அன்று, வாஷிங்டன் நாளிதழ் ஒன்றில் மேரி லாக்வுட் என்ற பெண்மணியின் கடிதம் வெளியாயிற்று. அமெரிக்க விடுதலைப் போரில் ஈடுபட்டோரின் வழித்தோன்றல்கள் அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘அமெரிக்கப் புரட்சியின் மைந்தர்கள்’ என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தனர். அதில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவாகியிருந்தது. அப்படியானால் புரட்சியில் பெண்களுக்குப் பங்கே இல்லையா என்று கேட்டார் லாக்வுட். 1776இல் ஆங்கிலேயருக்குப் பணிந்துவிட எண்ணிய கணவரையும் அவருடைய நண்பர்களையும் கண்டித்துத் தடுத்ததாகச் சொல்லப்படும் ஹன்னா ஆர்னெட்டின் கதையைச் சான்றாக வைத்தார். மூன்று மாதத்திற்குள், அக்டோபர் 11 அன்று, ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கம் பிறந்தது.

பதினெட்டு வயது நிறைந்த பெண், புரட்சிக்கு உதவிய ஒருவரின் நேர்வாரிசு தான் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஆவணங்களால் நிறுவினால் அதில் உறுப்பினராகலாம். இவ்விதியில் இரண்டு கூறுகள் நம் கவனத்திற்குரியவை. வாரிசு வழி தாய்மார் வழியாகவும் செல்லலாம். உதவி என்பதும் போர்க்களத்தோடு முடிந்துவிடுவதில்லை; படைக்கு உணவுப்பொருள் கொடுத்தவரும் தேசபக்தராகவே எண்ணப்படுகிறார்.

இச்சங்கத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1939இல் கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கைத் தர மறுத்தது இதே சங்கம்தான். கறுப்பினப் பெண் ஒருவர் உறுப்பினராக அறியப்பட்டது 1977இல்தான். விலக்கப்பட்டோர் கட்டிய வீட்டிலும் விலக்கு இருந்தது.

இந்த அளவுகோலை நம் காவிரிப் படுகைக்குப் பொருத்திப் பார்ப்போம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் உப்புச் சத்தியாகிரகிகள் புறப்பட்டனர். நன்னிலத்திற்கு மேற்கே வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக அவர்கள் வேதாரண்யம் சென்றனர். அவர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். வேதாரண்யத்தில் கைதாகிச் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதியின் பெயர் வரலாற்றில் உள்ளது. விடியுமுன் அடுப்பு மூட்டி அந்தச் சோற்றை வடித்த பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அமெரிக்க மகள்களின் விதிப்படி அவர்கள் தேசபக்தர்களே. அவர்களின் கொள்ளுப்பேத்திகள் அந்தப் பெருமைக்கு உரியவர்களே.

நம் அரசின் கணக்கு வேறு. 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்தையும், பெண்களுக்கு மூன்று மாதச் சிறைவாசத்தையும் தகுதியாக வைத்தது. தியாகிக்குப் பின் வாழ்க்கைத்துணை, மணமாகாத மகள், பெற்றோர் ஆகியோருக்கு அது செல்லும். மகன்களுக்கு இதில் இடமில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். ஆதரவற்றோருக்கான உதவி என்ற வகையில் இந்த ஏற்பாடு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், தியாகத்தின் வாரிசுகளைப் பற்றி அரசிடம் உள்ள முதன்மையான பதிவு இதுவாக இருக்கையில், மணமான நாளோடு மகள் அப்பதிவிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

உத்தரப் பிரதேசத்தில் இதன் கூர்மை வெளிப்பட்டது. அங்கே தியாகிகளின் வழிவந்தோருக்கான இடஒதுக்கீட்டில் மகன் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இடமிருந்தது. மகள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இல்லை. 2014இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. தாத்தாவின் தியாகம் மகளோடு நின்றுவிடுவதில்லை என்பதைச் சொல்லச் சுதந்திரத்திற்குப்பின் அறுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பிறப்பால் பெருமை பேசும் சங்கங்கள் நமக்கு வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. சாதிப் பெருமையால் ஏற்கெனவே நொந்த மண் இது. அமெரிக்கப் பெண்களிடம் கற்கவேண்டியது அவர்கள் ஆவணம் தேடிய பிடிவாதத்தை மட்டுமே. நன்னிலம் வட்டாரத்தில் 1930ஐக் கண்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் சொல்லக் கேட்ட கதைகள் பலவும் வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகள்களிடமும், அவர்களுடைய பெண்களிடமும் இருக்கின்றன. ஊர் வரலாறு எழுதுவோர் ஊரில் தங்கிய ஆண்மக்களை மட்டும் விசாரித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தப் பெண்கள் வாழும் ஊர்களுக்கும் நாம் போய்வர வேண்டும்.