குழந்தைகளோடு போகும் வண்டி

வண்டியிலேயே குடித்தனம் நடத்துவது சீமைப் புதுமை என்றால் அது பாதி உண்மைதான். உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டிய முதல் வீட்டுவண்டி 1885-இல் பிரிஸ்டல் நகரில் உருவாயிற்று என்பார்கள். கட்டச் சொன்னவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கப்பற்படை வைத்தியராக இருந்தவர், சிறுவர் கதைகள் எழுதியவர். இரண்டு குதிரைகள் இழுத்தன. வேலையாளும் வண்டிக்காரனும் நாயும் துணைக்கு வந்தால் எந்த அமைப்பும் சரிதான். குழந்தைகள் வந்தால்தான் சங்கடம்.

நம் கூண்டு வண்டிக்காரருக்கு இது தெரியும். வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, குழந்தைகளை நடுவில் விட்டுப் பெரியவர்களை ஓரத்தில் உட்காரவைப்பார். "முன்பாரம் ஜாஸ்தி, பின்னாலே தள்ளி உட்காருங்க" என்பார். பாரம் முன்னால் சாய்ந்தால் மாட்டின் பிடரி நோகும். பின்னால் சாய்ந்தால் கழுத்துக் கயிறு இறுகும்.

கேரள அரசு 2021-இல் வீட்டுவண்டிச் சுற்றுலாவை அறிவித்தபோது, இருவருக்கு ஒன்று, நால்வர் குடும்பத்துக்கு ஒன்று என இரண்டு வகை சொன்னது. நால்வர் வண்டியில் நான் முதலில் பார்ப்பது அடுப்பையல்ல, குழந்தையின் படுக்கையை. பகலில் மேஜை, இரவில் கட்டில் என்ற ஏற்பாடு பெரியவர்களுக்குச் சரி. எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தைக்காக எல்லாரும் எழுந்து நிற்க முடியுமா? அதற்கு மாறாத படுக்கை வேண்டும். மேல்தட்டானால் தடுப்புக் கம்பியும் வேண்டும். வண்டி ஓடும்போது மட்டும் படுக்கை கூடாது. வார் கட்டிய இருக்கைதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நேரே ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தாண்டி வெள்ளக்கடைப் பக்கம் போகிறவர் நீளம் குறைந்த வண்டியைத்தான் தேட வேண்டும். குழந்தைகள் விளையாட இடம் போதாதே என்கிறீர்களா? அதற்குத்தான் மலை இருக்கிறது.