கட்டுமரமும் கேட்டமரானும்

ரெட்டைப் படகை இங்கிலீஷ்ல 'கேட்டமரான்'னு சொல்றாங்களே, அதுவும் நம்ம கட்டுமரமும் ஒண்ணுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். பேரு மட்டும்தாங்க நம்மது! கட்டுமரம்ங்கிறது கயிறு போட்டுக் கட்டின மரக்கட்டைகள். ஏறின தண்ணி இடுக்கு வழியா ஓடிடும். 1697-ல வந்த புத்தகத்துலயே டாம்பியர் இதைப் பத்தி எழுதியிருக்கார்.

சென்னையில துறைமுகம் வராத காலத்துல, மசூலாப் படகே போக முடியாத அலையிலும் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனது கட்டுமரம்தான்.

எந்த அலையில ஏறணும், எதை விடணும்னு மகன் கத்துக்கிட்டது பள்ளிக்கூடத்துல இல்ல. மீன் பிடிக்கப் போறப்ப அப்பன் துடுப்பு போடுறதைப் பார்த்துத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிடுச்சு. பேரு அகராதியில பத்திரமா இருக்கு. வித்தை வயசானவங்க நினைப்புலதான் இருக்கு. அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமே!