கோப்பு முறைமைத் தொகுதிக் கணக்கு வழுக்கள்

கோப்பு முறைமைத் தொகுதிக் கணக்கு என்பது வன்தட்டின் எத்தொகுதிகள் கோப்புகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன, எவை வெறுமையாக உள்ளன என்பதைக் கோப்பு முறைமை குறித்துவைக்கும் பதிவு ஆகும். பிளாக் எனவும் வழங்கும் தொகுதியே ஒதுக்கீட்டின் மிகச்சிறிய அலகு. லினக்சின் ஈஎக்ஸ்டி4 முறைமையில் இது பெரும்பாலும் 4096 பைட்டுகள்.

இக்கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. ஈஎக்ஸ்டி4 வட்டு தொகுதிக் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிட் வரைபடம் உண்டு. ஒரு தொகுதிக்கு ஒரு பிட் வீதம் 4096 பைட்டுகளில் 32,768 தொகுதிகளை, அதாவது 128 மெகாபைட்டு இடத்தை, அது காட்டும். வெற்றுத் தொகுதிகளின் எண்ணிக்கை குழு விவரிப்பியிலும் சூப்பர்பிளாக்கிலும் தனித்தனியே பதியப்படுகிறது. கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடும் தன் பங்கைக் குறிக்கிறது. அது பொதுவாக 512 பைட்டு அலகில் எண்ணப்படுவதால், நிரலைப் புதிதாகப் படிப்போர் குழம்புவதுண்டு.

== இருவகை வழுக்கள் ==
வெற்றுத் தொகுதி ஒதுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டால் இடம் வீணாகும், அவ்வளவே. பயனில் உள்ள தொகுதி வெறுமையானதாகக் குறிக்கப்பட்டாலோ அது வேறொரு கோப்புக்கும் வழங்கப்படும். ஒன்றில் எழுதுவது மற்றொன்றின் தரவை ஓசையின்றி அழிக்கும். பிஎஸ்டி இயங்குதளங்களின் 'மென் புதுப்பிப்பு' முறை, மின்சாரம் திடீரென நின்றாலும் முதல் வகைப் பிழையே எஞ்சுமாறு எழுதும் வரிசையை அமைக்கிறது. இதனால் 2003 இல் வெளிவந்த ஃபிரீபிஎஸ்டி 5.0, கணினி இயங்கும்போதே பின்னணியில் வட்டைச் சரிபார்க்க முடிந்தது.

== திருத்தம் ==
ஈ2எஃப்எஸ்சிகே என்னும் சரிபார்ப்பு நிரல் வட்டிலுள்ள பிட் வரைபடத்தை நம்புவதில்லை. முதற் கட்டத்தில் எல்லா ஐநோடுகளையும் படித்து நினைவகத்தில் தன் சொந்த வரைபடத்தை அமைக்கிறது. ஒரே தொகுதியை இரு கோப்புகள் உரிமை கோரினால், விரும்பினால் ஒவ்வொன்றுக்கும் தனிப்படி எடுத்துத் தரும். எந்தக் கோப்பின் தரவு சரியானது என்பதைப் பயனரே பார்த்தறிய வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் தன் வரைபடத்தை வட்டிலுள்ளதுடன் ஒப்பிட்டு, வேறுபாடுகளைத் திருத்துகிறது. எழுதும் நிலையில் ஏற்றப்பட்டுள்ள வட்டில் இதை இயக்கினால் தரவு சிதையக்கூடும்.

== தள்ளிவைத்த ஒதுக்கீடு ==
2008 இறுதியில் லினக்ஸ் கருனி 2.6.28 உடன் நிலைபெற்ற ஈஎக்ஸ்டி4, தொகுதிகளை உடனே ஒதுக்காமல், முதலில் நினைவகத்தில் இடத்தை முன்பதிவு மட்டும் செய்கிறது. முன்பதிவு விடுவிக்கப்படாமல் கசிந்தால், வட்டு உண்மையைவிட நிரம்பியதாகத் தோன்றும். மறுபடி ஏற்றினால் அது மறைந்துவிடும். வட்டில் தடயம் இராததால் ஈ2எஃப்எஸ்சிகே எதையும் காணாது. முன்பதிவு குறைவாக இருந்தால் நிலைமை மோசம்: எழுதியாயிற்று என்று பயன்பாட்டு நிரலுக்கு ஏற்கனவே தெரிவிக்கப்பட்ட தரவுக்குப் பின்னர் வட்டில் இடமே கிடைக்காது. இத்தகைய வழுவை வட்டில் அன்றி, கருனியின் நிரலிலேயே திருத்த வேண்டும்.