மேல்முறையீடு

மேல் + முறை + ஈடு. 'இடு' நீண்டு 'ஈடு' ஆயிற்று. 'முறை'க்கு ஒழுங்கு, உறவு, தடவை எனப் பல பொருள் உண்டு. பழந்தமிழில் அது நீதியையும் குறித்தது. முறைசெய்தல் அரசன் கடமை, முறையிடுதல் குடிமக்கள் உரிமை. பாண்டியன் அவையில் கண்ணகி முறையிட்டாள். அதற்குள் கோவலன் வெட்டுண்டிருந்தான். தீர்ப்புக்குப் பிறகும் கேட்க மேலே ஓர் இடம் வேண்டும் என்பதையே 'மேல்' உணர்த்துகிறது.

மலாய் மொழியில் இது 'ராயுவான்'. மலேசியாவில் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மாஜிஸ்திரேட் தந்த தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லலாம். தண்டனையின் அளவை மட்டும் எதிர்த்தும் செல்லலாம். மேல்முறையீட்டில் எழக்கூடிய சட்டக் கேள்விகளில் இரண்டைப் பார்ப்போம். கூட்டு விசாரணையில் ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலத்தை மற்றவருக்கு எதிராகவும் கருத்தில் கொள்ள 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தருகிறது. இத்தகைய சான்று மிக வலுக்குறைந்தது என்று ஓர் இந்திய வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1949இல் கூறியது. முன்பே தண்டனை பெற்றவருக்குத் தண்டனையைக் கூட்டத் தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வழிசெய்கிறது. இரண்டுமே மேல்முறையீட்டில் வாதிடத் தக்கவை.

மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அங்குள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது.