ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை: ஆளுக்கு ஆள் மாறும் தொடக்க அளவு

வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகியவை ரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுக்கும் மாத்திரைகள். ‘ரத்தம் இளக்குற மாத்திரை’ என்பது பேச்சுவழக்கு. ரத்தம் இளகுவதில்லை, உறைய எடுக்கும் நேரந்தான் கூடுகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் இதை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்.

ஒரே அளவில் தொடங்கிய இருவரில் ஒருவருக்குப் பல் துலக்கும்போதே ஈறு கசியும்; இன்னொருவருக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.2-ஐத் தாண்டாது. பெரும்பாலோருக்கு இலக்கு 2 முதல் 3 வரை.

காரணம் முதலில் கல்லீரலில் இருக்கிறது. வார்ஃபரினைச் சிதைப்பது சி.ஒய்.பி.2சி9 என்ற நொதி. மரபணு மாற்றத்தால் இது மந்தமாக இருப்பவருக்குக் கொஞ்ச மருந்தே அதிகம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழரிடையே இந்த மாற்றங்களைத் தேடியபோது, ஐரோப்பியரிடம் மிகுந்துள்ள *2 வகையைவிட *3 வகையே கூடுதலாகத் தென்பட்டது. இரண்டில் நொதியை அதிகம் முடக்குவது *3. மருந்து தாக்கும் இலக்கு நொதிக்கான வி.கே.ஓ.ஆர்.சி.1 மரபணுவும் ஆளுக்கு ஆள் மாறும். சீனர், ஜப்பானியருக்குக் குறைந்த அளவே போதுமாவதற்கு இதுவே முக்கியக் காரணம். வயது, எடை, கல்லீரல் நிலை ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

அடுத்தது அடுக்களை. இம்மருந்து வைட்டமின் கே-க்கு எதிரி. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. தருமபுரிப் பக்கம் கேழ்வரகுக் களிக்குக் கீரைக் கடைசல் வழக்கமான துணை. ஆபரேஷன் முடிந்து, வாய்க்கு ருசியில்லாமல் கஞ்சியோடு படுத்திருந்த நாட்களில் அளவு சரிபார்க்கப்பட்டவர், ஊர் திரும்பி முருங்கைக்கீரையும் களியுமாகச் சாப்பிடத் தொடங்கினால் ஐ.என்.ஆர். இறங்கிவிடும். பயந்துபோய்க் கீரையை அறவே ஒதுக்குவோரும் உண்டு. அது தேவையற்ற தண்டனை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிட்டால் போதும், மாத்திரையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

மற்ற மருந்துகளும் குறுக்கிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதன் வேலையைப் பெரிதும் குறைக்கும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆர். அளவை எகிறவைக்கும்.

தொடக்க நாட்களில் ஒரு மாயமும் உண்டு. உறைதல் காரணிகளில் ஏழாவது சில மணி நேரத்திலேயே குறைவதால் ஐ.என்.ஆர். சீக்கிரம் ஏறிக் காட்டும்; இரண்டாவது குறைய நாட்கள் ஆகும். எண் இலக்கைத் தொட்டாலும் பாதுகாப்பு முழுமையாகியிருக்காது. புதிதாக ரத்தக்கட்டி கண்டவருக்கு ஹெபாரின் ஊசியைக் குறைந்தது 5 நாள் சேர்த்துப் போடுவது இதனால்தான்.

பரிசோதனைக்கான நீல மூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் 1 பங்குக்கு ரத்தம் 9 பங்கு. குறியிட்ட கோடுவரை நிரம்பாவிட்டால் எண் பொய்யாக உயரும். சித்தேரி மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு ஒரு பரிசோதனை என்பது ஒரு நாள் கூலி. குழாய் நிரம்பாததால் மறுநாளும் வரச்சொன்னால் இரண்டு நாள் கூலி.

ஐ.என்.ஆர். பரிசோதனையும் கீரைக் கவலையும் வேண்டாத டாபிகாட்ரான் போன்ற புது மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் 2013-ல் வெளியான ஆய்வில், உலோக வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரான் வார்ஃபரினைவிடக் கெடுதலாக முடிந்தது. அவர்களுக்கு இன்னும் பழைய மாத்திரையும் நீல மூடிக் குழாயுந்தான்.