மோரமங்கலம் மிஷன் பிறந்த கதை

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் வெள்ளைக்காரக் கலெக்டரோடு வந்து சேர்ந்ததாக நினைப்பவர்கள் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி இங்கே வந்தது 1792இல். அதற்கு 169 ஆண்டுகள் முன்பே, 1623இல், சந்நியாசிக் கோலத்தில் ஓர் இத்தாலியர் இந்த மண்ணில் நடந்து வந்துவிட்டார். புலால் தொடாதவர். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றவர். பெயர் ராபர்ட் தெ நொபிலி. தமிழர்களுக்குத் தத்துவ போதகர்.

1606இல் மதுரைக்கு வந்தபோதே அவருக்கு ஒரு சங்கடம் புரிந்துவிட்டது. கடற்கரையில் கப்பலும் பீரங்கியுமாக வந்திறங்கிய போர்த்துக்கீசியர்கள்தான் உள்நாட்டு மக்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள். மாட்டிறைச்சியும் மதுவும் 'பரங்கி' எனப்பட்ட அவர்களின் அடையாளங்கள். அந்த அடையாளத்தை உதற நொபிலி பாதிரி அங்கியைக் கழற்றினார். பூணூல் அணிந்தார், சந்தனம் இட்டார். விளைவு, இரண்டு பக்கமும் அடி. 'வேஷம் போட்ட பரங்கி' என்று ஊரில் பேச்சு. 'அஞ்ஞானிகளின் சடங்குக்குள் விழுந்துவிட்டார்' என்று சொந்த இயேசு சபையிலேயே புகார். 1619இல் திருச்சபையார் கோவாவில் கூடி விசாரித்தார்கள். பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே நின்றார்கள். கடைசியில் பாப்பரசர் 15ஆம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று அவர் முறைக்கு அனுமதி தந்தார். அதே ஆண்டு நொபிலி வடக்கே புறப்பட்டார்.

சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் மரியாதையோடு வரவேற்றார். சேலம் அப்படி இல்லை. தங்குவதற்கு வீடு தருவார் யாரும் இல்லை. கல் எறியவில்லை, தடி எடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். திறந்த சாவடியில் காற்றுக்கும் குளிருக்கும் நடுவே கிடந்து நோயில் விழுந்தார். பிறகே ஊர்க்காரர் ஒருவர் மனமிரங்கி இடம் கொடுத்தார்.

அந்த நாட்களில் அவரைத் தேடி வந்தவர் திருமங்கல நாயக்கர். ராமச்சந்திர நாயக்கரின் அண்ணன். ஆளும் உரிமையைத் தம்பியிடம் இழந்தவர். நாடு இழந்தவரும் தங்க இடம் கிடைக்காதவரும் உட்கார்ந்து பேசினார்கள். 1625இல் திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். சேலம் சீமையின் பழைய கத்தோலிக்க மிஷன் மோரமங்கலத்தில் வேர்விட்டது இப்படித்தான்.

நொபிலியைப் புனிதராக்கிக் கதையை முடித்துவிட முடியாது. மேல்சாதியாரை ஈர்க்கச் சாதி வேலியை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனிக் குருமார் முறை 1640 வாக்கில்தான் வந்தது. அதே 1640இல் மதுரையில் அவரைச் சிறையில் போட்டார்கள். 1656இல் பார்வை மங்கிய முதியவராக மயிலாப்பூரில் இறந்தார்.

அவருக்குப் பின் வந்த ஜான் தெ பிரிட்டோ என்ற அருளானந்தருக்குச் சாத்திய கதவு வாய்க்கவில்லை, வாள்தான் வாய்த்தது. மறவர் சீமைத் தலைவர் தடியத் தேவர் பிரிட்டோவால் கிறிஸ்தவரானதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுக்காரப் பெண். அந்தக் கோபத்தில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பிரிட்டோவின் தலை விழுந்தது. மதச் சண்டை என்று சொல்லப்படுவதன் அடியில் குடும்பமும் அதிகாரமும் எப்படிப் புதைந்து கிடக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சேலம் மறைமாவட்டம் 1930இல் தனியாக உருவானது. அதற்கு மூன்று நூற்றாண்டு முந்தைய வேர் மோரமங்கலம். அன்று நொபிலியை ஒதுக்கியவர்களில் பலர் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டார்கள். பரங்கி என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. திருமங்கல நாயக்கர் போய்ப் பேசினார். ஊரே ஒருவரைப் பற்றி ஒரே குரலில் சொல்லும்போது, நாமும் முதலில் அவரிடமே போய்க் கேட்போம்.