மூட்டைக் கணக்கும் வயிற்றுக் கணக்கும்

பேரிடர்க் காலத்தில் உதவி செய்தோம் என்று கூறுவோர் எதைக் கொண்டு தங்கள் உதவியை அளக்கின்றனர்? கிடங்கிலிருந்து இத்தனை மூட்டை புறப்பட்டது என்பதைக் கொண்டே பெரும்பாலும் அளக்கின்றனர். அம்மூட்டை எப்போது, யாருடைய கைக்கு, எந்நிலையில் போய்ச் சேர்ந்தது என்னும் கணக்கோ அருமையாகவே எழுதப்படுகின்றது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலேதான் மக்கள் மடிகின்றனர் என்பதைச் சரித்திரம் நமக்குக் காட்டுகின்றது.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். கப்பல்கள் இறக்கிய தானியம் 1877-இல் சென்னைக் கடற்கரையில் மலைபோற் குவிந்து கிடந்தது. ஆயினும் அதனை உள்நாட்டு ஜில்லாக்களுக்குச் சுமந்து செல்லும் வல்லமை ரயில் பாதைக்குப் போதவில்லை. நிலையத்திற்கு அப்பால் வண்டி இழுக்க வேண்டிய மாடுகளோ தீவனமின்றி மாண்டுகொண்டிருந்தன. கடற்கரைக் கணக்கில் தானியம் நிறைந்திருந்தது; பல்லாரியில் வயிறு காய்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே ரிச்சர்டு டெம்பிள் துரை, நிவாரண வேலையாளின் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், அவ்வளவில் உழைப்பாளியின் உடல் தாங்காது என்று வாதாடினார். சில மாதங்களுக்குள் அளவு உயர்த்தப்பட்டது. செலவைக் கொண்டு அளந்தவர் ஒருவர். உடலைக் கொண்டு அளந்தவர் மற்றொருவர்.

நிற்க. அது மாட்டு வண்டிக் காலம், இன்று அப்படியில்லை என அன்பர்கள் கூறலாம். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் நேர்ந்ததைச் சிந்தியுங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. தலைநகரமோ ஒரு மணி நேரப் பயணத் தொலைவுதான். பேரிடரைக் கவனிப்பதற்கென்றே 2015-இல் தேசிய நிறுவனம் ஒன்றும் ஏற்பட்டிருந்தது. இருந்தும், மாடிகளில் அகப்பட்டோர் பலர் உணவும் நீருமின்றிக் காத்திருந்தனர். சொந்தப் படகுடன் வந்த பொதுமக்களே பலரை மீட்டனர். குறைபாடு இருந்ததை அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியும் மறுக்கவில்லை.

அந்நாட்களில் பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் பல இனத்தாரும் கூடிச் சமைத்துப் பொட்டலமாக்கிய உணவு வெள்ளப் பகுதிகளுக்குச் சென்றது. அதில் ஒரு பாடம் உண்டு. அடுப்பே நீரில் மூழ்கிய வீட்டிற்கு அரிசி உணவன்று, சோறே உணவு. மூட்டைக் கணக்கு இவ்வேற்றுமையை அறியாது.

தோட்டத்துச் செக்ரோலில் ஆள்வாரியாகப் பெயர் எழுதுகிறோம். உழைப்பை வாங்கும்போது ஆள்வாரியாக எண்ணத் தெரிந்த உலகம், உதவியைக் கொடுக்கும்போது மட்டும் மூட்டைவாரியாக எண்ணுவது நியாயமாகுமா?

ஆகவே, மழைக்காலத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பொருள் திரட்டும் நம் சங்கத்தார் மூன்று செய்திகளை ஏட்டில் எழுதுவார்களாக. முதற் பொட்டலம் எத்தனை மணி நேரத்தில் சேர்ந்தது? கடைசி வீட்டிற்கு எப்போது சேர்ந்தது? சேர்ந்தபோது அது உண்ணத் தக்கதாயிருந்ததா? இம்மூன்றிற்கும் விடையில்லாத ஏட்டில் எத்தனை ஆயிரம் மூட்டைகளை எழுதியிருந்தாலும், அது உபகாரத்தின் கணக்கன்று, கிடங்கின் கணக்கே.